காவிரிப் பாலத்தில் எரிந்த சிவப்பு லைட்

தடக்... தடக்... தடக்...

காவிரிப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் எங்கள் பழைய டீசல் வேன் இப்படித்தான் குதிக்கும். குதித்ததும் மீட்டர் பக்கத்தில் ஆயில் லைட் சிவப்பாக ஒரு வெட்டு வெட்டும். பின்சீட்டுப் பிள்ளைகள் கோரஸாக, "ஆன்ட்டி... செவப்பு லைட்டு!" என்று கத்துவார்கள்.

பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

அப்போது நானும் வீட்டுக்காரரும் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் ஸ்கூல்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஓட்டுவார். நான் முன்சீட்டில் டிபன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். பார்த்த வேலையை விட்டுவிட்டு அவர் வாங்கிய வண்டி. அது ஒன்றுதான் பிழைப்பு.

ஆயில் லைட் எரிந்தால் ஓட்டக்கூடாது, மீறி ஓட்டினால் இன்ஜினே போய்விடும். அதனால் நடுப்பாலம் என்றும் பார்க்க மாட்டார். ஓரம் கட்டி, என்னை இறக்கி, என் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் இன்ஜினிலிருந்து ஆயில் அளக்கும் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். ஆயில் சரியாக இருக்கும். பின்னால் பஸ்காரர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். திரும்ப ஸ்டார்ட் ஆனதும் லைட் அணைந்துவிடும். நாலு தடக்குக்கு அப்புறம் மறுபடி வரும்.

நான் என்ன செய்வேன்? டேஷ்போர்டு மேல் இருந்த குட்டிப் பித்தளைப் பிள்ளையாரைக் கும்பிடுவேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆசையாக வாங்கியது. கும்பிட்டு முடித்ததும் திட்ட ஆரம்பிப்பேன்... பிள்ளையாரை இல்லை, வீட்டுக்காரரை.

"அப்பவே சொன்னேன், இந்த ஓட்ட வண்டி வேணாம்னு. என் பேச்ச எங்க கேட்டீங்க?"

அவர் பாட்டுக்கு ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

ஆயில் மாற்றினோம். ஃபில்டர் மாற்றினோம். ஒரு மெக்கானிக், "ஆயில் பம்பு போச்சு, இன்ஜின இறக்கணும்" என்றார். அந்தச் செலவுக்குப் பணம் எங்கே? இதற்குள் பிள்ளைகள் பல நாள் லேட். ஒரு பையனின் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க... அடுத்த மாசத்துலேர்ந்து ஆட்டோ வச்சுக்கறோம்ங்க."

இன்னும் நாலு வீட்டில் அப்படிச் சொன்னால் எங்கள் கதை முடிந்தது.

அன்று சாயங்காலம் அவர் வண்டியை விற்றுவிட முடிவு செய்து, முசிறியில் ஒரு புரோக்கருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். பேசும்போது குரல் சரியாக இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

சனிக்கிழமை, கடைசி முயற்சியாகப் பாலக்கரையில் ஒரு மெக்கானிக் பாயிடம் போனோம். அவர் வண்டியைத் தொடும் முன் என்னிடம்தான் கேட்டார்.

"லைட்டு எரியறப்ப இன்ஜின் சத்தம் மாறுதாம்மா?"

"இல்லைங்க பாய், அப்படியேதான் இருக்கு."

கேஜ் மாட்டிப் பார்த்தார். ஆயில் பிரஷர் நன்றாகவே இருந்தது. பிறகு இன்ஜினில் ஆயில் ஸ்விட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றித் தொங்கவிட்டார். "வாங்க, பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று அவரும் ஏறிக்கொண்டார்.

தடக்... லைட் எரிந்தது!

பாய் சிரித்துவிட்டார். "ஒயரே கழண்டு கெடக்கு, ஆயில் இல்லேன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்? இன்ஜின் மேல ஒரு குத்தமும் இல்ல. ஒயர் எங்கயோ பாடி இரும்புல தொடுது, தொட்டாலே லைட்டு எரியும்."

கடைக்குத் திரும்பியதும் அந்த ஒயரைத் தடவிக்கொண்டே டேஷ்போர்டு வரை வந்தார். டார்ச் அடித்து அடியில் பார்த்தவர், மேலே பிள்ளையாரிடம் நீட்டிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சாமிய நீங்களே எடுத்துக்குங்கம்மா, நான் தொடறது சரியில்ல. அதுக்குப் போட்ட ஸ்க்ரூதான் ஒயருல குத்திக்கிட்டு நிக்குது."

நான் மெதுவாக வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

வண்டி வாங்கிய புதிதில் பிள்ளையாரைப் பசை போட்டுத்தான் ஒட்டினேன். வெயிலில் பசை இளகி, பாலத்தில் வண்டி குதித்தபோது விழுந்துவிட்டார். சாமி விழுவது அபசகுனமாயிற்றே... வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில், இருப்பதிலேயே நீளமான ஸ்க்ரூவாகப் பார்த்து நானே முடுக்கிவிட்டேன். அடியில் ஒயர் ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

"யாருங்க இவ்ளோ நீட்டு ஸ்க்ரூவப் போட்டது?" என்றார் பாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்: "நான்தான் பாய். அவசரத்துல பாக்காம போட்டுட்டேன்."

ஒயருக்கு டேப் சுற்றி, சின்ன ஸ்க்ரூ போட... பத்து நிமிஷ வேலை. திரும்பி வரும்போது பாலம் முழுக்க லைட் எரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவர் பார்க்காத மாதிரி ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் முசிறிக்குப் போன் போட்டு, "வர வேணாம்ங்க, வண்டிய நாங்களே வச்சுக்கறோம்" என்றார்.

இப்போது எங்களிடம் மூன்று வேன்கள். ஓட்ட டிரைவர்கள் இருக்கிறார்கள். எந்த லைட் எரிந்தாலும் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகி, கோளாறு என்னவென்று சொல்லிவிடுகிறார்கள். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டே போன அந்தக் காலை நேரங்கள் இப்போது இல்லை...

இத்தனை வருஷத்தில் எதற்கெதற்கோ முட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த ஸ்க்ரூவை மட்டும் அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. நானும் ஒப்புக்கொண்டதில்லை.

இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்... அது நான் போட்டதுங்க. மன்னிச்சுக்குங்க.

இதை அவர் கட்டாயம் படிப்பார். லைக் மட்டும் போட மாட்டார்.