குறி விழாத டீக்கடை

பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்துகளுக்கென்று தனிப் பாதை வரப்போகிறது என்று பேச்சு எழுந்த நாட்களில், கேளம்பாக்கத்தில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, நகக்கண்களில் சிவப்புப் பெயிண்ட். பாதைக்காக இடிபடப்போகும் சுவர்களில் குறி போடுவது அவர் வேலை. ஒவ்வொரு குறியையும் போட்டபின் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து ரசிப்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்கு மட்டும் அவர் குறி போடவில்லை.

“இன்னா சார், என் கடைய வுட்டுட்ட?” என்றாள் கடைக்காரி.

“உனக்குக் குறி வேணாம்மா. நிம்மதியா இரு.”

“டீயக் குடுத்தே ஆள மடக்கிட்டா பாரு!” என்றார் குறி விழுந்த சைக்கிள் கடைக்காரர். எனக்கும் அதே சந்தேகம்தான். மாலைப் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

“பட்டா இருக்கிற எடத்துக்குத்தான் சார் குறி. அவங்களுக்கு நஷ்டஈடு உண்டு. அந்தம்மா கடை கீறது ரோட்டு நிலம். ஒரு நாள் வண்டி வந்து தள்ளிட்டுப் பூடும்.”

“அத அந்தம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நாளைக்கு எனக்கு யாரு சார் டீ குடுப்பா?” என்று சிரித்தார்.

மறுநாள் காலை நானே அவளிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சைக்கிள் கடைக்காரன் சொல்லி அனுப்புனானா? அவரு நல்ல மனுசன் சார். உனக்கு இன்னாத்துக்கு வயித்தெரிச்சல்?”

பெஞ்சில் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த அவர், கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.