வெள்ளச்சிக்கு ஒரு கல்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், பசுமலையைத் தாண்டியதும் ஒரு மைல்கல் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் யாரோ அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சாத்திவிடுகிறார்கள். மதுரைக்கு இன்னும் எத்தனை மைல் என்ற எண் மஞ்சளுக்கு அடியில் போய் நெடுநாளாகிறது. ஒருமுறை, வழிக்குப் புதியவரான ஒரு வண்டிக்காரர் அந்தக் கல்லின் முன்னால் நின்று தூரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியும் கிடைக்காமல், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முன், தலைமன்னாரில் கப்பலேறி வந்த புதிதில், நானும் சிரித்தவள்தான்.

எங்கள் பக்கத்தில் தெருவோரக் கல் என்றால் அது வேலை செய்கிற கல். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. மாடுகள் தினவு தீர உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. செத்துப்போனவர்களின் பேரால் வீட்டார் இவற்றைச் செய்து வைப்பார்கள். எங்கள் ஒழுங்கைச் சந்தின் முடிவில் நின்ற ஆவுரஞ்சிக்கல் யாருடைய பேரால் நட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மாட்டுக் கழுத்து உயரத்தில் அது வழுவழுவென்று மின்னும். சுமைதாங்கி மதுரைப் பக்கத்திலும் உண்டு. ஆவுரஞ்சிக்கல்லைத்தான் இந்தச் சாலையில் நான் ஓரிடத்திலும் காணவில்லை.

இந்தக் குறை எனக்குப் பெரிதாகப் பட்டது வெள்ளச்சியால். என் வீட்டுக்காரர் பசுமலையில் கணக்கு வாத்தியார். அவர் காலையில் பள்ளிக்கூடம் போய்விட்டால், அந்நிய ஊரில் நானும் நாலு சுவருமாக இருந்தோம். கடையில் நான் எதைக் கேட்டாலும், "என்னம்மா சொல்றீக? இன்னொருக்காச் சொல்லுங்க" என்பார்கள். அப்படி இருந்த காலத்தில் ஒரு கன்றுக்குட்டி வாங்கினோம்; அதுதான் வெள்ளச்சி. என் பேச்சைத் திரும்பச் சொல்லச் சொல்லாத ஒரே சீவன் அவள்தான். நான் கதைப்பதை எல்லாம் காதை ஆட்டிக்கொண்டு கேட்பாள். வளர்ந்த பிறகு அவளுக்குக் கழுத்துத் தினவு ஒரு பெரிய வியாதி. வாசல் கம்பத்தில் உரஞ்சி உரஞ்சி அதை மூன்று தடவை சாய்த்தாள். நான் திட்டிக்கொண்டே சொறிந்துவிடுவேன்; கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். போன பங்குனியில் தொண்டை வீங்கி இரண்டே நாளில் போய்விட்டாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அழுது முடித்த அன்றே எனக்கு யோசனை உதித்துவிட்டது. திருமங்கலம் பக்கமிருந்து பருத்தி ஏற்றிக்கொண்டு மதுரை மில்லுக்கு எத்தனை வண்டிகள் போகின்றன! அந்த மாடுகளுக்கு நுகத்தடி பட்ட கழுத்தெல்லாம் தினவு. வெள்ளச்சியின் பேரால் அவற்றுக்கு ஒரு கல்லும் தொட்டியும் வைத்தால் என்ன? இரவிரவாக நித்திரை இல்லை, அவ்வளவு சந்தோஷம். வளையலுக்கென்று சேர்த்து வைத்ததை எடுத்தேன். சாலையோரம் புளியமரமும் கிணறும் உள்ள வயல் வீரணன் என்ற விவசாயியுடையது. அவரிடம் போய், மாடுகளுக்காக ஒரு கல் நடவேண்டும், தொட்டி கட்டவேண்டும், ஒரு மூலை தருவீர்களா என்று கேட்டேன். "அம்புட்டுத்தானம்மா? நடுங்க. தொட்டிக்குத் தண்ணி நான் எறைச்சு விடுறேன்" என்றார். இத்தனை சுலபமாக ஒரு மனிதர் மண்ணைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கல் வந்தது. என் தோளுயரம். "வெள்ளச்சி" என்று மட்டும் வெட்டச் சொன்னேன். நட்ட அன்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மல்லிகைச் சரத்தைக் கல்லில் சுற்றிவிட்டு, அதைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். வீரணனின் மனைவி பேச்சி, இடுப்பில் கை வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையின் அர்த்தம் அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கிழமை முழுக்கக் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழும்பியதும் முதல் வேலையாகக் கல்லைப் பார்க்க ஓடினேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கல்லைத்தான் காணவில்லை! அடியிலிருந்து நுனிவரை மஞ்சள், நடுவில் கையளவு குங்குமம், உச்சியில் வேப்பிலை. சுற்றிவரக் கருவேல முள்ளால் இடுப்பளவு வேலி. மாடு நெருங்க முடியாது.

"பேச்சி, ஏன் வேலி போட்டனீங்கள்?" என்றேன்.

"மாடு வந்து ஒரசுதுல்ல வாத்தியாரம்மா. சாமி மேல படலாமா?"

"சாமி இல்லை. இது மாடுகளுக்கான கல்."

"அதத்தான நானும் சொல்றேன். மாட்டக் காக்குற சாமி. நீங்கதான பூ வச்சீக, அழுதீக? கல்லு நட்டுப் பூ வச்சா அப்புறம் அது என்ன?"

விறுவிறுவென்று திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு முறையிட்டேன். என் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டே, "பூ வைச்சது நீர்தானே?" என்றார். எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. என் வெள்ளச்சியின் பேரால் இனி ஒரு மாட்டுக்குக்கூடத் தினவு தீராதே! அவளைச் சாமியாக்கியதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

நாலு நாள் கழித்து, மத்தியானம் சாய்ந்த நேரம், மறுபடி போனேன். புளியமர நிழலில் ஆறு பருத்தி வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. மாடுகள் தொட்டியில் தண்ணீர் குடித்தன. அதில் விலா எலும்பு தெரியும் கிழட்டு எருது ஒன்று, குடித்து முடித்ததும் தலையைத் தூக்கிக் கல்லைப் பார்த்தது. பிறகு மெதுவாக வேலிக்கு நடந்து, முள் குத்தக் குத்தக் கழுத்தை உள்ளே நீட்டியது. கல்லுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் பாக்கி. "ஏய், சாமி, சாமி!" என்று கத்திக்கொண்டே வண்டிக்காரர் ஓடி வந்து சாட்டையால் விளாசினார். ஒன்று, இரண்டு. முதுகில் தடித்தது.

வெள்ளச்சியின் கல்லடியில், அந்தக் கல்லின் காரணமாகவே ஒரு மாட்டுக்கு அடி! எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. சாட்டையைப் பிடுங்கி எறிந்தேன். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. "அடியாதை! விடு அதை! இது அதுகள் உரஞ்சிறதுக்கெண்டு நட்ட கல்லு! உரஞ்சட்டும்! எல்லா மாடும் வந்து உரஞ்சட்டும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் கை கால் எல்லாம் நடுங்கின.

வண்டிக்காரர் வாயைப் பிளந்தார். வயலிலிருந்து பேச்சி ஓடி வந்தாள். வந்தவள் என் தலைவிரி கோலத்தைப் பார்த்தாள், நடுக்கத்தைப் பார்த்தாள், விளங்காத பேச்சைக் கேட்டாள். அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டு, "ஆத்தா எறங்கிட்டா! எலேய், சூடத்தக் கொண்டாங்க!" என்றாள். ஆறு வண்டிக்காரர்களும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். "ஆத்தா, குத்தங்குறை இருந்தா மன்னிச்சுக்க. ஒனக்கு என்ன வேணும், சொல்லு தாயி!" என்றார்கள்.

இல்லை, நான் ஆத்தா இல்லை, கணக்கு வாத்தியார் பெண்சாதி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது அந்த எருது என்னைப் பார்த்தது. கழுத்து இன்னும் முள்ளுக்குள்தான் இருந்தது. நான் பொய் சொல்லத் தேவையில்லை என்று பட்டது. என்ன வேணும் என்று கேட்கிறார்கள். எனக்கு வேண்டியதைச் சொன்னால் போதும். "வேலியை எடுங்கோ. மாடு உரஞ்சட்டும்" என்றேன், இந்த முறை மெதுவாக.

பேச்சி தன் கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டாள். எருது உள்ளே போய்க் கல்லில் கழுத்தை வைத்தது. மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. பிறகு மறுபக்கம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. வண்டிக்காரர்கள் குலவை போடத் தெரியாமல் கைதட்டினார்கள். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் பத்துக் கல் நடலாம்!

அடுத்த நாளே போய்ப் பேச்சியிடம் உண்மையைச் சொன்னேன். எனக்குச் சாமி வரவில்லை, கோபம்தான் வந்தது என்றேன். "கோவத்தக் குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு அவள் களை பிடுங்கப் போய்விட்டாள். வீட்டிலோ இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீர் யாழ்ப்பாணத்தில இப்பிடிக் கத்தியிருந்தால் விசர் எண்டு சொல்லி வீட்டுக்குள்ள பூட்டியிருப்பினம். இஞ்சை சூடம் கொளுத்துகினம்" என்றார்.

இப்போது பேச்சி ஒரு வழி செய்திருக்கிறாள். வயலைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் பூசுகிறாள். சாலையைப் பார்த்த பக்கம் மாடுகளுக்கு. மாடுகள் இந்த எல்லையை எல்லாம் மதிப்பதில்லை. மஞ்சள் கழுத்தோடு மாடுகள் மதுரைக்குள் போகின்றன. என்னைப்போல் கடல் கடந்து வந்து இங்கே குடியிருக்கிறவர்கள் யாராவது மேலமாசி வீதியில் அப்படி ஒரு மாட்டைக் கண்டால், அது வெள்ளச்சியிடம் தினவு தீர்த்துவிட்டு வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை வெகுநேரம் அங்கே நின்றேன். கால் கடுத்தபோது கல்லின் மூலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "கொஞ்சம் திரும்பும்" என்றார். என் சேலையில் ஒரு தோளில் மஞ்சள், மறு தோளில் வெள்ளை மாட்டு மயிர். "எதைத் தட்டிவிட?" என்று கையை ஓங்கினார்.

"ஒண்டையும் தட்டாதேங்கோ" என்றேன்.