வெனியர் பல்லும் பிளேன்டி ஆசையும்

பல் டொக்டரிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள். கதைக்கிற வேலை முழுக்க உதவியாளருக்குத்தான். புத்தளத்துக் கிளினிக் ஒன்றில் பதினொரு வருஷமாக அந்த உதவியாளர் நான். முன்பல்லுக்கு மேலே வெள்ளையாக மெல்லிய ஓடு ஒட்டுகிற வெனியர் இப்போது நம்ம பக்கமும் வந்துவிட்டது. ஒட்டுவது டொக்டர். அதைத் தின்னாதீங்க, இதைக் குடிக்காதீங்க என்று சொல்லிப் பொல்லாப்பு வாங்குவது நான். வீட்டில் சீனி வருத்தக்காரருக்குச் சோறு அளந்து போடுகிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ஒரு வாய்கூடவா?

எலுவன்குளத்து ரிஹானாவுக்குக் கிணற்றுத் தண்ணீரால் சின்ன வயதிலேயே பல்லில் பழுப்புக் கோடு. கலியாணம் முடித்து மூன்றாம் மாதமே மாப்பிள்ளை கத்தாருக்குப் போய்விட்டார். வீடியோ கோலில்கூட வாயை மூடித்தான் சிரிப்பாளாம். அவர் லீவில் வரும்போது எயார்போட்டில் நின்று பல் தெரியச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆறு பல்லுக்கும் ஒட்டி முடிந்ததும் என் பாடத்தைத் தொடங்கினேன். இந்த வகை வெனியரில் கறை பிடிக்கும். பால் விடாத வெறும் தேயிலைப் பிளேன்டி, கோப்பி, பீட்றூட், வெற்றிலை கூடாது. மஞ்சள் போட்ட கறி, ஆணம் சாப்பிட்டால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். மெத்தென்ற பிரஷ்தான் பாவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றவள் பிளேன்டியில் வந்து நின்றுவிட்டாள். ஒரு வாய்கூடவா கூடாது என்று கேட்டாள். மாப்பிள்ளை ஊரில் இருந்தபோது விடியச் சுபஹு தொழுதுவிட்டு இரண்டு பேரும் ஒரே கோப்பையில்தான் குடிப்பார்களாம். கேட்டதும் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. பிறகு அவளே சொன்னாள்: "பரவாயில்ல ராத்தா. தனியக் குடிச்சா அது வெறும் சுடுதண்ணிதானே."

கடலில் ஒரு பல்

பள்ளிவாசல்துறையில் கடல்தொழில் செய்கிற நானா ஒருவர், மகளின் கலியாணப் போட்டோவுக்காக வெனியர் போட்டார். போட்டோ நன்றாகத்தான் வந்தது. இரண்டு மாதத்தில் ஓரம் உடைந்து வந்து நின்றார். மீன் பிடிக்கிற தங்கூசி நூலைப் பல்லால் கடித்து அறுத்திருக்கிறார். கத்தி ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நன்றாக ஏசினேன். கத்தியும் வாங்கினார், திரும்பவும் உடைத்துக்கொண்டு வந்தார். இந்தமுறை அறுக்கப் போய் உடையவில்லையாம். தூண்டில் நூலைப் பல்லில் பிடித்துக்கொண்டு தோணியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். டொக்டர் திருத்தி முடித்ததும் கண்ணாடியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "பல்லு வடிவுதான் தங்கச்சி. முந்தியெல்லாம் மீன் வந்து நூலத் தொட்டா மண்டைக்குள்ள தெரியும். இப்ப ஒண்டும் தெரியுதில்ல."

கல்லுப்பு

ரிஹானாவின் மாப்பிள்ளைக்கு லீவு இரண்டுமுறை தள்ளிப்போனது. ஒரு வருஷம் ஓடியும் அவள் பல்லில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அவள் வருகிற நாளில் என் பிளேன்டிக் கோப்பையை நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்.

கடைசியில் டிக்கட் போட்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அழுதுகொண்டு வந்தாள். பல்லோரத்தில் ஆணத்து மஞ்சள் மெல்லிசாகத் தெரிந்ததாம். பயந்துபோய் உப்பளத்துக் கல்லுப்பை விரலில் தொட்டு மூன்று நாள் தேய்த்திருக்கிறாள். மீனும் சட்டியும் உப்பால் சுத்தமாகும்போது பல் ஆகாதா என்பது நம்ம ஊர் யோசனை. பளபளப்பெல்லாம் போய்க் கீறல் விழுந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால், அழுகிறவளை ஏசவா முடியும்? கதிரையில் இருத்திவிட்டு டொக்டரைக் கூப்பிட்டேன். டொக்டர் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எட்டு நாள்தான் இருக்கு. அவர் வந்து எறங்குறத்துக்குள்ள சரியாகுமா?"

லீவு

டொக்டர் ஒரு மணித்தியாலம் பொலிஷ் பண்ணிச் சரியாக்கிக் கொடுத்தார். மூன்று கிழமை கழித்துப் பார்மசி வாசலில் ரிஹானாவைக் கண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். யா அல்லாஹ், ஆறு பல்லும் தேயிலை நிறம்!

எயார்போட்டில் அவர் அந்தச் சிரிப்பைக் கண்டாரா என்றுதான் முதலில் கேட்டேன். கண்டாராம். பெட்டியை எடுக்கவும் மறந்து நின்றாராம். அதற்குப் பிறகு சுபஹுக்கு ஒரு பிளேன்டி, அசருக்கு ஒன்று, மஃரிபுக்கு ஒன்று. ஊற்றுவதும் அவரேதான். வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. வா, இப்பவே கிளீன் பண்ணிவிடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "இன்னும் ஒம்பது நாள் இருப்பார் ராத்தா, அதுவரைக்கும் குடிக்கிறேன். அவர் போயிட்டாரென்டா, பல்லு தன்னால வெள்ளையாகிடும்."

பதினொரு வருஷமாகக் கறைக்கு எதிராகப் பாடம் எடுக்கிற நான், அன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவள் பல் வெள்ளையாகவே கூடாது என்று துஆக் கேட்டதை டொக்டரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.