நான்கு வருடம் பின்தங்கிய கணினி

தொண்ணூறுகளின் கடைசியில், சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மீனவர் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். அடையாள அட்டைக்காக உறுப்பினர் பெயர்களைத் தமிழில் அச்சிட்டு வெள்ளிக்கிழமைக்குள் செங்கல்பட்டில் கொடுக்க வேண்டும். பெயர் விட்டுப்போனால் அடுத்த ஆண்டுதான் அட்டை.

தமிழில் அச்சிட இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் அத்தகையவை தயார் நிலையில் கிடைப்பது அபூர்வம். எழுதியவரின் மூல நிரலைக் கொண்டுவந்து, நம் கணினியிலேயே கம்பைல் செய்து, ஓடும் மென்பொருளாக்கிக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் அதை இணையத்திலிருந்து இறக்கி மூன்று பிளாப்பிகளில் கொடுத்தார். செவ்வாய் காலை 10.40-க்குக் கம்பைல் செய்து முடித்தேன். நேரம் நாட்குறிப்பில் இருக்கிறது. எதையும் தேதியிடாமல் விடமாட்டேன்.

வீட்டு வரிசைப்படி அச்சான தாள்களைப் பார்க்க வந்த ஒரு பெண், விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். "இன்னா சார், இந்தத் தாள்ல பக்கத்து வூடு கீது, அடுத்த தாள்ல எதிர் வூடு கீது. நடுவுல எங்க வூட்ட கடல் கொண்டுகினு பூட்ச்சா?"

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி விழவில்லை.

அன்று மாலை மின்சாரம் போய்விட்டது. புதன்கிழமை, பக்கத்துக்கு எத்தனை வரி என்ற எண்ணை நிரலில் தேடித் திருத்தி, மறுபடி கம்பைல் செய்யக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். 'புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை' என்று திரையில் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அச்சில் அதே குறை. எண்ணை மாற்றி மாற்றி ஏழு முறை முயன்றேன். ஒவ்வொன்றுக்கும் மணி, நிமிடம் குறித்தேன். கடைசியில் சென்டர்காரருக்குப் போன் செய்து, பாதிப் பிரதியைத் தலையில் கட்டிவிட்டதாகக் கத்தினேன்.

வியாழன் காலை, கடையை மூடிவிட்டு, புதிய பிளாப்பிகளோடு பஸ் ஏறி அவரே வந்துவிட்டார். பிளாப்பியை வெளியே எடுக்கவில்லை. முதலில் கணினியிடம் தேதி கேட்டார், சிரித்துவிட்டார்.

"நோட்டுல நிமிஷம் வரைக்கும் எழுதிக்கீற. உன் மிஷினு நாலு வருசம் பின்னாடி குந்திகினு கீதே, அத்த பாத்தியா சார்?"

கணினிக்குள் தேதியைக் காக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தது. மின்சாரம் போனதும் தேதி பின்னால் ஓடிவிட்டது. கம்பைல் கட்டளையோ கோப்புகளின் தேதியைத்தான் ஒப்பிடும். புதனன்று நான் திருத்திய நிரலை, செவ்வாயன்று உருவானதைவிடப் பழையது என்று எண்ணி அது தொடவே இல்லை.

தேதியைச் சரிசெய்து, திருத்தத்தை மறுபடி சேமித்துக் கம்பைல் செய்தார். கடைசி வரி வந்தது. அந்தப் பெண்ணின் வீடும் வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடு சார். ஒரு பேட்டரி வாங்கிப் போடு. இங்க நாஸ்தா எங்க நல்லாருக்கும், அத்த சொல்லு."

வெள்ளிக்கிழமை பட்டியலைச் சேர்ப்பித்தேன். திரும்பி வந்து நாட்குறிப்பைப் பார்த்தால், புதன்கிழமைப் பக்கத்தில் ஏழு முயற்சிகளும் நிமிடம் தவறாமல் இருந்தன. நான் கத்தியது மட்டும் இல்லை. அதை அன்று அந்தப் பக்கத்தின் கடைசி வரியாக எழுதிச் சேர்த்தேன். இப்போதும் யார்மீதாவது குற்றம் சொல்ல வாய் திறக்கும் முன், அந்த ஒரு வரி நினைவுக்கு வந்துவிடுகிறது.