பழைய அளவில் வந்த முதல் துண்டு

சத்தியபாய்க்கு முப்பத்தெட்டு வயது. வீடு தனுவச்சபுரத்தில். பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த நார் மெத்தைக் கம்பெனியில் ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். ஏழு வருடம் நீடிப்பது என்ன தற்காலிகமோ, அது அந்தக் கம்பெனிக்கே வெளிச்சம். தொண்ணூற்றாறில் ஓணத்துக்கு முன்னால் நிரந்தரப் பட்டியல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் தன் பெயர் வர வேண்டும் என்பதற்காக அவள் சர்ச்சில் மற்ற வேண்டுதல்களையெல்லாம் ஒத்திவைத்திருந்தாள்.

அவள் நின்றது மெத்தை வெட்டும் மிஷினில். பொத்தானில் நீளத்தை அடித்தால் அதுவே அளந்து வெட்டும். அதன் இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். பெரியவர் கன்ட்ரோலர், பக்கத்தில் சின்னதாகப் பொசிஷனிங் மாட்யூல். கன்ட்ரோலர் ‘ஆறடி’ என்று எண்ணைக் கொடுக்கும். மாட்யூல் அதை வாங்கி வைத்துக்கொண்டு ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும். அதற்குப் பிறகுதான் கன்ட்ரோலர் ‘ஓடு’ என்னும். மாட்யூல் மோட்டாரை ஓட்டிக் கத்தியைச் சரியான இடத்தில் கொண்டு நிறுத்தும். சொன்னதைக் காதில் வாங்கிப் பதில் சொல்லும் பழக்கம் அந்தக் கம்பெனியிலேயே அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

மேனேஜர் மோகனனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பதிலுக்காக மிஷின் ஒரு நொடி சும்மா நிற்பதைக் கைக்கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். எலக்ட்ரீஷியன் யேசுவடியானைக் கூப்பிட்டார்.

“இந்த நிப்பு எதுக்கு? எடுத்துப் போடு.”

“சார், பதில் வராம ஓடச் சொன்னா...”

“பதில் எதுக்குடே? சொன்னாச் செய்யணும். அதாக்கும் டிசிப்ளின்.”

யேசுவடியான் கடற்கரை ஊரான பொழியூர்க்காரர். கடலுக்குப் பயந்து கரண்டு வேலைக்கு வந்தவர். கரண்டைவிட மேனேஜருக்கு அதிகம் பயந்தவர். எடுத்துப் போட்டார். மிச்சமான நொடிகளை வருடக்கணக்கில் பெருக்கி மோகனன் ஒரு சார்ட் வரைந்து சுவரில் ஒட்டினார்.

அன்று முதல் அளவை மாற்றும்போதெல்லாம் முதல் துண்டு பழைய அளவில் வந்தது. புது எண் போய்ச் சேரும் முன்பே ‘ஓடு’ வந்துவிட்டால் மாட்யூல் என்ன செய்யும், பாவம்? கையில் இருந்த பழைய எண்ணுக்கே ஓடியது. அடுத்த துண்டு சரியாக இருக்கும். சத்தியபாய் மூன்றே நாளில் இதைக் கவனித்து மோகனனிடம் போய்ச் சொன்னாள்.

“மிஷின் தப்புச் செய்யாது. உன் விரலாக்கும் தப்பு” என்றார் அவர்.

சரி என்று அவளே ஒரு வழி செய்துகொண்டாள். அளவு மாறினால் முதலில் ஒரு கழிவுத் துண்டை விட்டு வெட்டுவாள். பிறகு நல்ல மெத்தை. இரண்டு மாதம் ஒரு மெத்தைகூட அளவு தவறவில்லை. ஒருநாள் மோகனன் அந்தக் கழிவுத் துண்டைப் பார்த்துவிட்டார். மறுநாளே மெமோ வந்தது. ‘எண்ணை மாற்றினால் முதல் துண்டு பழைய அளவில் வருகிறது என்று இந்த ஊழியர் பொய்க் காரணம் கூறி வேலை நேரத்தை வீணாக்குகிறார். இனி கழிவுத் துண்டு வெட்டக் கூடாது.’ கீழே அவர் கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப்.

மெமோ வாங்கியவர்களுக்கு நிரந்தரம் கிடையாது. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

“அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?” என்று யேசுவடியானிடம் கேட்டாள்.

“எனக்கு மூணு பிள்ளைய உண்டு மக்கா.”

“எனக்கும் ரெண்டு உண்டு.”

அவர் மின்விசிறியைப் பழுது பார்ப்பவர்போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் முதலாளி வேலாயுதன் வந்தார். ஆறடி ஆள். புது வீட்டுக்குத் தனக்கொரு மெத்தை, தன் கண் முன்னால் வெட்ட வேண்டும் என்றார். அதுவரை மிஷினில் ஓடியது கைக்குழந்தைகள் கட்டிலுக்கான மூன்றடி. சத்தியபாய் ஆறேகால் அடியை அடித்தாள். கழிவுத் துண்டு விடவில்லை. உத்தரவு உத்தரவுதானே! மிஷின் முதலாளியின் மெத்தையை மூன்றடியில் கச்சிதமாக வெட்டித் தள்ளியது.

“நான் காலை எங்க வைக்க?” என்றார் வேலாயுதன்.

“இவளுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது சார்” என்று மோகனன் பாய்ந்தார். “இப்படி வருமுண்ணு யாருக்குத் தெரியும்?”

“மேனேஜர் சாருக்குத் தெரியும்” என்று சத்தியபாய் சாப்பாட்டுப் பையிலிருந்து மெமோவை எடுத்து முதலாளியிடம் நீட்டினாள். “எழுதி ஒப்பும் போட்டிருக்காரு.”

வேலாயுதன் அதை இரண்டு முறை படித்தார். மிஷினில் எண்ணை மாற்றி மாற்றி மூன்று முறை வெட்டச் சொன்னார். மூன்று முறையும் முதல் துண்டு பழைய அளவில் வந்தது. பிறகு யேசுவடியானைப் பார்த்தார். அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் வாய் திறந்தது. திறந்த வாய் அரைமணி நேரம் மூடவில்லை. எடுத்த நொடியைச் சாயங்காலத்துக்குள் திரும்ப வைத்தார்கள். மெமோ கணக்கில் வராது என்று வேலாயுதன் அதைச் சத்தியபாயிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மோகனன் ஏழு வருடமாக அவளிடம் காட்டாத சிரிப்போடு வந்தார்.

“சத்தியபாய், அந்தப் பேப்பரை இஞ்ச தா. நமக்குள்ள என்ன?”

“லிஸ்ட் வரட்டு சார்.”

ஓணத்துக்கு நான்கு நாள் முன்னால் பட்டியல் வந்தது. மூன்றாவது பெயர் அவளுடையது. மோகனன் மறுபடியும் வந்து நின்றார்.

“இனி தரலாமே?”

“முடியாது சார்” என்றாள் சத்தியபாய். “கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில மாட்டியாச்சு.”