கப்பைக் கவிழ்த்துப் பார்த்தவர்

பீங்கான் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பீங்கான் எது கைக்குக் கிடைத்தாலும், எந்தப் பட்டறைச் சரக்கு என்று கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். சூளையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு அது பழக்கம் இல்லை, வியாதி. பெண்ணாடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ஊறுகாய்க் கிண்ணத்தைக் கவிழ்த்து என் மானத்தை வாங்கியவர்.

எழுபதுகளின் நடுவில் அது. மாமியார், மூன்று கொழுந்தன்கள், நாங்கள் இருவர், எல்லோருக்கும் ஒரே அறை. புதுப் பெண்டாட்டி நான் புருஷனிடம் ரகசியம் பேச வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பாய் வீட்டில் பின்கட்டு காலி என்று தெரிந்தது. பாய் துபாயில் இருந்தார். இங்கே இருந்த அவர் வீட்டு அம்மாவுக்கு ஆளைப் பிடித்தால்தான் வீடு. "அங்க வந்து வாய மூடிக்கிட்டு இருங்க" என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன். கையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அங்கே டம்ளரில் டீயோடு உட்கார்ந்து, மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய சென்ட்டின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து இஞ்சியும் ஏலக்காயும் கிராம்பும் கொதிக்கிற வாசனை வந்தது. வீட்டுக்கார அம்மா எங்களுக்கு மட்டும் தங்க விளிம்பு போட்ட இரண்டு கப்புகளில் டீ கொண்டு வந்தார்.

"துபாய்லேருந்து அவங்க அனுப்புனது" என்றார்.

இவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அப்படியே கவிழ்த்தார். டீ மேசை விரிப்பிலும் வேட்டியிலும் கொட்டியது. தொடை சுட்டதுகூடத் தெரியாமல் அடியைப் பார்த்துச் சிரித்தார். எட்டிப் பார்த்தேன். 'விரு' என்று எங்கள் ஊர்ப் பேரின் முதல் இரண்டு தமிழ் எழுத்து. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பட்டறையின் முத்திரை! வீடு போச்சு என்று எனக்கு வந்த கோபத்தில் அவரைச் சூளையிலேயே வைத்திருப்பேன்.

"வா புள்ள, வேற போடலாம்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். என் கப்பையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். திட்டுவார் என்று பார்த்தால், இஞ்சியைத் தட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரெண்டு வருஷமா அவங்ககிட்டேருந்து ஒரு கைக்குட்டகூட வரல. இந்தம்மா தெனம் வந்து கேக்குறாங்க, என்ன அனுப்புனாங்க, என்ன அனுப்புனாங்கன்னு. நான் என்ன சொல்றது?"

எனக்குப் பாவமாக இருந்தது. தூள் கொதித்ததும் பாலை நானே ஊற்றினேன். பொங்கி வந்தபோது ஸ்டவ் திரியை இறக்கி, மறுபடி பொங்கவிட்டு வடிகட்டினேன்.

டீயோடு திரும்பினால், கவிழ்த்த கப்பை இவர் இன்னும் கையில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மா கேட்டேவிட்டார்.

"அடியில என்னங்க எழுதியிருக்குது?"

"இது நம்ம..." என்று ஆரம்பித்தவரை ஒரு முறை முறைத்தேன். கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவர் புரிந்துகொண்ட ஒரே பாஷை அதுதான். "...நம்ம கண்ணுக்கு அரபி மாரி தெரியுதுங்க" என்று முடித்தார்.

"அரபியா? குடுங்க, நான் குர்ஆன் ஓதப் படிச்சவ" என்று அந்த அம்மா கையை நீட்டினார்.

சூளையில் ஒரு கப் விரிசல் விட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காத மனிதர், என்னைப் பார்த்தார். அப்புறம் விரலை விரித்தார்.

கப் தரையில் விழுந்து சிதறியது. "கை தவறிடுச்சிங்க" என்று குனிந்தவர், எழுத்து இருந்த சில்லை மட்டும் தேடி மடியில் செருகிக்கொண்டார்.

"ஐயோ, துபாய் கப்பாச்சே!" என்று பக்கத்து வீட்டு அம்மா பதறினார்.

"போவட்டும். எழுதுனா வேற அனுப்பப்போறாங்க" என்றார் வீட்டுக்கார அம்மா, குரல் பிசகாமல். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கெழம உங்களுக்கு நல்ல நாளுதானே? வந்து பால காய்ச்சிடுங்க."