மாற்று உடுப்பு

ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும், நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவருக்கு நரைத்த தாடி. கழுத்தில் எப்போதும் அளவு நாடா. பாலியல் வன்முறைக்கு ஆளான தோட்டத்துப் பெண்களுக்குத் துணை நிற்கிறது எங்கள் அமைப்பு. அவர்கள் உடுத்தியிருந்ததைப் பொலிஸ் சாட்சிக்கு எடுத்துக்கொள்ளும்போதெல்லாம் மாற்று உடுப்பு தருபவர் இவர்தான். பெயர் கேட்கமாட்டார், தோட்டம் கேட்கமாட்டார். அளவு மட்டும் கேட்பார்.

அன்றும், "என்ன அளவு, தங்கச்சி?" என்றார்.

"ஏழு வயசு, நானா."

கவுன்களைப் புரட்டிய கை நின்றது.

"அதச் செஞ்சவன்ட சட்டையையும் எடுத்தாங்களா?" என்று கத்தினார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொலிஸில் ஒருத்தனுக்கும் வாயில் வராத கேள்வி அது. எடுக்கவில்லை. அதே சட்டையோடுதான் அவன் அன்று காலை தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனான்.